அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

கேள்வி: பிப்ரவரி 3, மாலை 6.50

அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம் என்று சொல்லிக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள். என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்ற முழு முடிவு நான்காம் நாள் மாலைதான் வந்தது. அப்பா பிழைத்துவிட்டார், அது வேறு விஷயம். கிருமியின் பெயரையும் அதன் மருந்தெதிர்ப்பையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் மரபணுப் பரிசோதனை வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று படிக்கிறேன். பிறகு எதற்கு நான்கு நாள்? ஆய்வகத்தின் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 3, இரவு 9.15

சோம்பல் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. பத்தொன்பது ஆண்டுகளாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கல்ச்சர் பாட்டில்களோடுதான் எனக்குக் குடித்தனம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

அந்த ஒரு மணி நேரம், ரத்தம் எடுத்த நொடியிலிருந்து தொடங்குவதில்லை. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

எடுத்த ரத்தம் ஊட்டக் கரைசல் உள்ள பாட்டிலுக்குள் போகிறது. பாட்டில் இன்குபேட்டருக்குள் உடல் சூட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே கிருமி இருந்தால் தின்னும், பெருகும், கரியமில வாயுவை விடும். பாட்டிலின் அடியில் உள்ள உணரி அதைக் கண்டுகொள்ளும். கருவி மணி அடிக்கும். நோய் உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை முதல் ஒரு நாளிலோ இரண்டாம் நாளிலோ மணியடித்துவிடும். ஐந்து நாள் வரை சத்தமே இல்லையென்றால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதி அனுப்புவோம்.

மணி அடித்த பிறகுதான் எங்கள் வேலை. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உருண்டையா, குச்சியா, ஊதாவா, சிவப்பா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்கு மேல் இரண்டு வழிகள். பழைய வழியில் தட்டில் தீற்றி மறுநாள் வரை காத்திருந்து, முளைத்த காலனிக்குப் பெயர் கண்டுபிடித்து, பிறகு மருந்துகளோடு மோதவிட்டு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். புதிய வழியில் அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து மூடிய பொதிக்குள் (பேனல் என்போம்) செலுத்தினால், கிருமியை உடைத்து டிஎன்ஏவைப் பிரித்து, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்த்து, சுமார் ஒரு மணி நேரத்தில் பெயர் சொல்லிவிடும். நீங்கள் படித்த ஒரு மணி நேரம் இதுதான்.

மணி அடிப்பதற்கு முன்னால் உள்ள நேரத்தை இந்தக் கருவி தொடுவதே இல்லை. ஊர் வந்து இறங்கிய பிறகு பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரத்தை மட்டும் எண்ணி, ‘பயணம் பத்து நிமிடம்’ என்று சொல்வதைப் போன்றது அந்த விளம்பரம்.

ஆகவே சோம்பல் இல்லை. கிருமி வளர எடுக்கும் காலம் அது.

பிப்ரவரி 3, இரவு 9.40

கோபத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்த நான்கு நாளும் மருந்து காத்திருக்கவில்லை. ரத்த அழுத்தம் சரிந்தவருக்குக் கல்ச்சர் எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்றுதான் 2021-இன் சர்வதேச செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் நிலை) வழிகாட்டுதலும் சொல்கிறது. எந்தக் கிருமி என்று தெரியாததால் ஊகித்து, அகலமாக வலை வீசும் மருந்தாகக் கொடுப்பார்கள். எங்கள் முடிவு அந்த ஊகத்தைத் திருத்தத்தான். ஊகம் சரியாக இருந்திருந்தால் நான்காம் நாள் முடிவு அப்பாவின் உயிரில் எதையும் மாற்றியிருக்காது. தவறாக இருந்திருந்தால் கதை வேறு.

பிப்ரவரி 4, காலை 5.30

இரவுப் பணி முடிகிற நேரம். ‘பாட்டிலில் வளர்க்காமல் ரத்தத்திலிருந்தே நேராக டிஎன்ஏவைப் பார்த்தால் என்ன?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கும் தோன்றியது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே மாதிரி வெந்திருப்பதால் அது செல்லும். ரத்தத்தில் கிருமி அப்படிப் பரவியிருப்பதில்லை. பெரியவர்களுக்கு உயிரே போகிற நிலையிலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்று முதல் பத்து உயிருள்ள கிருமிகள்தான் பல நேரம் இருக்கும். ஒன்றுக்கும் குறைவாக இருப்பதும் சாதாரணம். ஒரு மில்லி எடுத்துப் பார்த்து ‘இல்லை’ என்றால் அந்த ஒரு மில்லியில் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை, இரண்டு கைகளிலுமாக நான்கு பாட்டில்கள் வரை ரத்தம் கேட்கிறோம். ‘இவ்வளவு ரத்தமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். எந்தக் கருவி வாங்குவது என்ற பேச்சையெல்லாம் விட, பாட்டிலில் எவ்வளவு ரத்தம் இறங்கியது என்பதே முடிவை அதிகம் தீர்மானிக்கிறது.

இரண்டாவது தொல்லை நம் சொந்த டிஎன்ஏ. ஒரு மில்லி ரத்தத்தில் 50 லட்சம் வெள்ளணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 300 கோடி எழுத்துகள். ஈ. கோலை கிருமிக்கு 46 லட்சம் எழுத்துகள். பத்துக் கிருமிகள் இருந்தால் 4.6 கோடி. வகுத்துப் பார்த்தால் கிருமியின் ஒரு எழுத்துக்கு நம்முடையது சுமார் 32 கோடி எழுத்துகள். கடலில் கரைத்த பெருங்காயம்கூட இதைவிடத் தேவலை.

மூன்றாவது, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீம், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின், இவையெல்லாம் பிசிஆர் வினையையே முடக்கும். கல்ச்சர் பாட்டிலில் முன்பே சேர்த்திருக்கும் உறைவுத் தடுப்பானும் முடக்கும். அவற்றைக் கழுவித் தள்ளுவதே பாதி வித்தை.

பிப்ரவரி 4, காலை 8.10

தூக்கக் கலக்கத்தில் போட்ட கணக்கு. மனித உயிரணுவில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டு. ஆகவே 300 கோடி இல்லை, 600 கோடிக்கு மேல். விகிதம் 32 கோடி இல்லை, 65 கோடி. ஒரே ஒரு கிருமி என்றால் 650 கோடி. தவற்றைச் சுட்டிக்காட்டியவர் பள்ளிக் கணித ஆசிரியராக இருக்க வேண்டும். சிவப்பு மையின் வாசனை அடித்தது.

பிப்ரவரி 4, இரவு 10.20

நேரடியாக ரத்தத்தில் பார்க்கவே முடியாது என்ற தொனியில் எழுதிவிட்டேன். முடியும். டி2 என்ற முறை, முழு ரத்தத்தில் உள்ள கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கி, காந்தத் துகள்களில் ஒட்டவைத்து, காந்த ஒத்ததிர்வால் கண்டுபிடிக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் கேண்டிடா பூஞ்சைக்கும் 2018-இல் பாக்டீரியாக்களுக்கும் அதை அனுமதித்தது. மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் முடிவு. ஆனால் 2018-இல் வந்த பாக்டீரியாப் பட்டியலில் இருந்தவை ஐந்தே இனங்கள். ஆறாவது இனம் அப்பாவின் ரத்தத்தில் இருந்திருந்தால் கருவி வாய் திறக்காது. அதனால் கல்ச்சரை விட்டுவிட முடியாது. அதோடு கூடச் செய்ய வேண்டிய இன்னொரு பரிசோதனையாகவே இது நிற்கிறது.

இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. டிஎன்ஏ இருந்தால் உயிருள்ள கிருமி இருக்கிறது என்று பொருளில்லை. மருந்து கொன்றுபோட்ட கிருமியின் டிஎன்ஏவும் டிஎன்ஏதான். கல்ச்சர் ‘இல்லை’ என்றும் பிசிஆர் ‘உண்டு’ என்றும் சொன்னால் யார் சொல்வது சரி? மருந்து தொடங்கிய பிறகு எடுத்த ரத்தமென்றால் பிசிஆரை நம்பத் தோன்றுகிறது. மற்ற நேரங்களில் மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார், நாங்கள் மருத்துவரின் முகத்தைப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 6, மாலை 4.05

இந்த ஒரு மணி நேரக் கருவியைத் திட்டுவதற்காகவே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது ஜொலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கேயே நான் சறுக்கியும் விழுந்திருக்கிறேன்.

மைக்ராஸ்கோப்பில் ஊதா நிற உருண்டைகள், திராட்சைக் கொத்துப் போல. பார்த்தவுடன் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று தெரியும். ஆனால் அதில் இரண்டு ஜாதி. ஒன்று ஆரியஸ், இதய வால்வைத் தின்னும், எலும்பில் குடியேறும், ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. மற்றது எபிடெர்மிடிஸ் வகையறா. நம் தோலில் சும்மா கிடக்கிற சாது, பெரும்பாலும் ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் விழுந்தது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே முகம். பழைய முறையில் மறுநாள் வரை மருத்துவர் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிக்கொண்டே இருப்பார். விரைவுப் பேனல் ஒரு மணி நேரத்தில் பிரித்துச் சொல்லிவிடும். சாது என்றால், ஒரு பாட்டிலில் மட்டும் வந்திருந்தால், மருந்தை நிறுத்தலாம். ஆரியஸ் என்றால் அடுத்த கேள்வி: பீட்டா-லாக்டம் (பெனிசிலின் குடும்ப) மருந்துகளை எதிர்க்க வைக்கும் மெக்-ஏ மரபணு இருக்கிறதா? இருந்தால் எம்ஆர்எஸ்ஏ, அதாவது அந்த மருந்துகளுக்கு மடியாத ஆரியஸ்; வான்கோமைசின் தொடரட்டும். இல்லையென்றால் செஃபசோலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துக்கு மாற்ற வேண்டும்; அந்தக் கிருமியை அது வான்கோமைசினைவிட நன்றாகக் கொல்லும்.

இனி என் சறுக்கல். எங்களிடம் முதல் கருவி வந்த புதிது. பாட்டிலில் கொத்து உருண்டைகள். பேனல் சொன்னது: ஆரியஸ் உண்டு, மெக்-ஏ உண்டு. நான் தொலைபேசியை எடுத்து, பெருமை பொங்க, ‘எம்ஆர்எஸ்ஏ, டாக்டர்’ என்றேன். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்ட பெருமை. மறுநாள் தட்டைத் திறந்தால் இரண்டு விதக் காலனிகள். மஞ்சள் பூத்தது ஆரியஸ். சாதாரண மருந்துக்கே மடிகிறது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு எபிடெர்மிடிஸ், மெக்-ஏ அதனுடையது. கருவி பொய் சொல்லவில்லை. பாட்டிலில் ஆரியஸ் இருந்தது, மெக்-ஏவும் இருந்தது. இரண்டும் ஒரே கிருமிக்குள் இருக்கின்றன என்று கருவி எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நான்.

அந்த நோயாளிக்கு இரண்டு நாள் தேவையில்லாத வான்கோமைசின். சிறுநீரகம் தாங்கியது. எனக்குத்தான் இன்றுவரை தாங்கவில்லை. பின்னால் வந்த பேனல்கள், மெக்-ஏவைச் சுமக்கும் துண்டு ஆரியஸின் குரோமோசோமோடு இணையும் சந்தியையும் சேர்த்துத் தேடுகின்றன. என்னைப் போல வேறு பலரும் தொலைபேசியை அவசரமாக எடுத்திருப்பார்கள் போல.

பிப்ரவரி 6, மாலை 4.20

தோல் கிருமியை ‘சாது’ என்று எழுதியதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. செயற்கை வால்வு, பெரிய சிரைக்குள் செருகிய குழாய், குறைப்பிரசவக் குழந்தை, இந்த இடங்களில் அது சாது இல்லை என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்கிறேன். சாது மிரண்டால் காடு கொள்ளாது.

பிப்ரவரி 9, இரவு 11.50

‘எதிர்ப்பு மரபணு கண்டறியப்படவில்லை.’ இந்த ஒரு வரியைப் போல் ஆபத்தான வரியை நான் வேறெந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

இதிலும் ஒரு தொலைபேசிக் கதை. பாட்டிலில் கிளெப்சியெல்லா என்ற குச்சிக் கிருமி. அப்போதிருந்த பேனலில் மெரோபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் மரபணுக்களில் கேபிசி ஒன்றுக்குத்தான் இடம். நான் சொன்னேன்: ‘கேபிசி இல்லை.’ மறுமுனையில் இருந்த இளம் மருத்துவர் திருப்பிச் சொன்னார்: ‘சரிங்க சார், எதிர்ப்பு இல்லை.’ நானும் ‘ம்’ கொட்டினேன். அந்த ‘ம்’தான் தவறு. மறுநாளுக்கு மறுநாள் பார்த்தால் கிருமியிடம் என்டிஎம் இருந்தது. அதே வேலையைச் செய்யும் வேறொரு நொதி. பேனல் அதைத் தேடவே இல்லை. தேடாததை இல்லை என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிவிட்டோம்.

இன்றைய பேனல்கள் என்டிஎம், ஓஎக்ஸ்ஏ-48, விம், ஐஎம்பி என்று பட்டியலை நீட்டியிருக்கின்றன. ஒரு பேனலில் 43 இலக்குகள். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. சூடோமோனாஸைப் பாருங்கள். மருந்து உள்ளே வரும் புரதக் கதவு ஒன்று அதன் உறையில் உண்டு. கிருமி அந்தக் கதவையே கைவிட்டுவிடும். இமிபெனம் வெளியில் நிற்கும். இன்னொரு பக்கம், வந்த மருந்தை இறைத்து வெளியே கொட்டும் பம்புகளை முடுக்கிவிடும். இதில் எதற்கும் வெளியிலிருந்து புது மரபணு வர வேண்டியதில்லை. வீட்டில் இருந்த கதவையும் இறைப்பானையும் வைத்தே வேலை முடிந்துவிட்டது. மரபணுப் பட்டியலை வைத்துக்கொண்டு எதைத் தேடுவீர்கள்?

ஆகவே ‘உண்டு’ என்றால் நம்பி மருந்தைக் கூட்டலாம். ‘இல்லை’ என்றால், ஆரியஸுக்கு மெக்-ஏ போன்ற சில இடங்களில் துணிந்து குறைக்கலாம். கிராம் சாயத்தில் சிவப்பாகத் தெரியும் கிராம் நெகட்டிவ் குச்சிகளிடம் அந்தத் துணிச்சல் கூடாது. மருந்துக்கு எதிரே கிருமியை வளர விட்டுப் பார்ப்பதுதான் இன்னும் கடைசித் தீர்ப்பு.

அந்த நாளிலிருந்து தொலைபேசியில் நான் சொல்வது: ‘தேடியவை இவை. கிடைத்தது இது. தேடாதவை நிறைய. எழுதியதைத் திருப்பிப் படியுங்கள்.’ சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 10, காலை 7.00

நேற்றையது ஒருபக்கச் சார்பாகிவிட்டது. ‘உண்டு’ என்ற சொல்லின் மதிப்புக்கு ஒரு சான்று தருகிறேன். 2018-இல் வெளிவந்த மெரினோ ஆய்வு. செஃப்ட்ரியாக்சோன் கேட்காத ஈ. கோலையோ கிளெப்சியெல்லாவோ ரத்தத்தில் உள்ளவர்கள். ஆய்வகத் தட்டில் பைப்பரசிலின்-டாசோபாக்டம் கேட்கும் என்றுதான் காட்டியது. ஒரு குழுவுக்கு அதையும் இன்னொரு குழுவுக்கு மெரோபெனமும் கொடுத்தார்கள். 30 நாள் இறப்பு: மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதம், மற்றவர்களில் 12.3 சதவீதம். தட்டு ‘கேட்கும்’ என்று சொன்ன மருந்து மனிதரிடம் கைவிட்டது.

இத்தகைய எதிர்ப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது சிடிஎக்ஸ்-எம் என்ற மரபணுக் குடும்பம். பேனல் அதை முதல் நாளே காட்டிவிடும். ஆக, வளர்ப்புதான் கடைசித் தீர்ப்பு என்று நேற்று இரவு அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். (அந்த ஆய்வின் சில கிருமிகளைப் பின்னர் மறுபடி சோதித்தபோது முதலில் ‘கேட்கும்’ என்று போட்டதே சரியா என்ற கேள்வி எழுந்தது. ஆகவே தளர்த்தியதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.)

பிப்ரவரி 13, இரவு 9.30

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ‘ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7.6 சதவீதம் குறைகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறதே, அப்படியானால் இந்தக் கருவி எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்?’

அது 2006-இல் வந்த ஆய்வு. செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தம் விழுந்தவர்களை மட்டும், பழைய பதிவேடுகளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தது. அது எண்ணியது சரியான மருந்து தொடங்கும் நேரத்தை; ஆய்வக முடிவு வரும் நேரத்தை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் கருவி விற்பவர்கள் படம் போட்டுக் காட்டுவார்கள். எங்களிடமும் காட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

விரைவுப் பரிசோதனையால் இறப்பு குறைகிறதா என்று நேராகக் கேட்டால் விடை வழுக்குகிறது. 2017-இல் 31 ஆய்வுகளைத் திரட்டி, 5,920 நோயாளிகளைக் கணக்கிட்ட தொகுப்பாய்வில் குறைந்தது. ஆனால் முடிவு வந்தவுடன் அதை வைத்து மருந்தை மாற்றச் சொல்லும் ஆன்டிபயாட்டிக் மேற்பார்வைக் குழு இருந்த இடங்களில்தான் அந்தக் குறைவு உறுதியாகத் தெரிந்தது. குழு இல்லாத இடங்களில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்துச் செய்த 2015 ஆய்விலோ, 600-க்கும் மேற்பட்டவர்களில், தேவையற்ற அகலமான மருந்துகள் குறைந்தன, மருந்தைச் சீக்கிரம் மாற்றினார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை.

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சோர்வாக இருந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா? பிறகு யோசித்தேன். கிருமி ரத்தத்தில் இருக்கும் நூறு பேரில் பெரும்பாலோருக்கு ஊகித்துக் கொடுத்த முதல் மருந்தே கேட்டுவிடும். அவர்களுக்கு முடிவு சீக்கிரம் வந்தால் மருந்து சுருங்கும், அவ்வளவே. ஊகம் பிசகிய சிலருக்குத்தான் மணி நேரம் உயிர். அந்தச் சிலர் எல்லோரோடும் கலந்து எண்ணப்படும்போது கணக்கில் கரைந்துபோகிறார்கள். எதிர்ப்புக் கிருமிகள் மலிந்த இடத்தில் இதே ஆய்வைச் செய்தால் வேறு எண் வரும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

சுருங்குவதும் சின்ன விஷயமில்லை. 2019-இல் மருந்தெதிர்ப்பு பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அகலமான மருந்தை ஒவ்வொரு நாள் நீட்டும்போதும் அந்தக் கிருமிகளுக்கு நாம்தான் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம்.

பிப்ரவரி 14, பிற்பகல் 2.15

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன். இந்த ஆய்வகத்தில் மிக விரைவான பரிசோதனை எது என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் கேட்பேன். எல்லோரும் புதுக் கருவியைக் கை காட்டுவார்கள். இல்லை; கழுவு தொட்டிக்கு மேல் நிற்கும் நான்கு சாயப் புட்டிகள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. வெளியிடும்போதே, இது குறையுள்ளது, மற்றவர்கள் கையிலாவது பயன்படட்டும் என்ற பொருளில் எழுதினார். இப்படிப்பட்ட அடக்கத்தை எந்தக் கருவியின் விற்பனைக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மணி அடித்த பாட்டிலின் திரவத்தை நேராகத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த வட்ட வில்லைகளை வைத்து, 4, 6, 8 மணி நேரங்களில் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை அளக்கும் முறை. ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழு 2018-இல் இதற்கு அளவுகோல்கள் வகுத்தது. கருவியே வேண்டாம், தட்டு, வில்லை, அளவுகோல், இவற்றோடு நேரம் தவறாமல் வந்து பார்க்க ஓர் ஆள். மரபணுவை அல்ல, கிருமியின் நடத்தையையே பார்க்கிறோம் என்பதால் சூடோமோனாஸின் கதவு விவகாரமும் இதில் பிடிபடும். ஆறு மணி நேரத்தில் மங்கலாகத் தெரியும் அந்த வட்டத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து அளப்பது எனக்குப் பிடித்த வேலை. கடினமானது எது தெரியுமா? நேரம் தவறாமல் வரும் அந்த ஆள்.

மெரோபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் கார்பபெனமேஸ் நொதியைக் கால் மணி நேரத்தில் காட்டும் பட்டைப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலவே இரண்டு கோடுகள். கோடு விழுந்தால் யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை என்பதுதான் வேறுபாடு.

பிப்ரவரி 17, இரவு 8.45

கேள்வி கேட்டவரிடம் அப்பாவின் அறிக்கையில் உள்ள நேரங்களை மட்டும் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியிருக்கிறார்.

ரத்தம் எடுத்தது முதல் நாள் மாலை 6.10. பாட்டில் இன்குபேட்டருக்குள் போனது இரண்டாம் நாள் காலை 8.40. மணி அடித்தது அன்று இரவு 9.20. கிராம் சாயம் பார்த்தது மூன்றாம் நாள் காலை 8.15. முழு முடிவு நான்காம் நாள் மாலை 5.30.

கணக்குப் போட்டேன்; இந்த முறை தூங்கி எழுந்த பிறகு. மொத்தம் 71 மணி 20 நிமிடம். அதில் கிருமி மணியடிக்க எடுத்துக்கொண்டது 12 மணி 40 நிமிடம். இன்குபேட்டருக்குப் போகாமல் பாட்டில் மேசைமேல் நின்றது 14 மணி 30 நிமிடம். மணி அடித்தும் யாரும் எடுக்காமல் கிடந்தது 10 மணி 55 நிமிடம். இரண்டு காத்திருப்பும் சேர்ந்து 25 மணி 25 நிமிடம். எடுத்த ரத்தம் நான்கு மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குள் போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கெடு.

நான் முதல் நாள் விளக்கிய அந்த ஒரு மணி நேரக் கருவி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கிருமியின் பெயர் தெரிந்திருக்கும். கருவியே இல்லாமல், பாட்டில் மட்டும் உடனுக்குடன் கை மாறியிருந்தால்? இரண்டாம் நாள் காலை எட்டு மணிவாக்கிலேயே கிராம் முடிவு மருத்துவர் காதில் விழுந்திருக்கும். (மேசைமேல் நின்ற நேரத்திலும் கிருமி கொஞ்சம் வளர்ந்திருக்கும்; உடனே உள்ளே வைத்திருந்தால் மணி அடிக்க 12.40-ஐவிடச் சற்றுக் கூடுதலாக ஆகியிருக்கலாம். இரண்டொரு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் நாள் நான் எழுதிய ‘கிருமி வளர எடுக்கும் காலம் அது’ என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். ‘சோம்பல் இல்லை’ என்பதை மட்டும் விட்டுவையுங்கள். அந்தப் பதினொரு மணி நேரத்தில் யாரும் மேசையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கவில்லை. இரவுப் பணிக்கு அங்கே ஆளே இல்லை. நேரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் ஆய்வகத்திலும் முதல் கருவி வந்து நீண்ட நாள் வரை இரவுப் பணி கிடையாது. மணி அடிக்கும், இருட்டறையில் சிவப்பு விளக்கு மினுக்கும், காலை ஏழு மணிக்கு நான் வந்து கதவைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

பிப்ரவரி 17, இரவு 9.05

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய நேரங்களில் கிராம் முடிவை யாரிடம், எத்தனை மணிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள் என்பது இல்லை. அறிக்கையில் கீழே ஒரு கட்டம் இருக்கும், பொடி எழுத்தில். அது நிரப்பியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.